பழைய ரிவால்வரின் மரப்பிடியை உப்புத்தாளால் தேய்க்கலாமா?

வாசகர் கேள்வி, 2023 அக்டோபர் 14

ஐயா, பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டு முதியவரிடமிருந்து ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘விக்டரி’ ரிவால்வரை, துப்பாக்கிக் கடை மூலம் முறைப்படி பெயர் மாற்றி வாங்கியிருக்கிறேன். இரும்பு நன்றாக இருக்கிறது. மரப்பிடிதான் கறுத்து, பிசுபிசுத்து, ஆங்காங்கே பள்ளம் விழுந்து கிடக்கிறது. 80 எண் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு மூன்று முறை பாலியூரித்தேன் பூசினால் புதிதாகிவிடும் என்று நினைக்கிறேன். இதில் தவறு ஏதும் உண்டா?

அக்டோபர் 14, இரவு

உண்டு. காரணத்தை நாளை விரிவாக எழுதுகிறேன். அதுவரை உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

அக்டோபர் 15

முதலில் பாதுகாப்பு. உருளையை வெளியே தள்ளி, ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை வீட்டின் வேறொரு அறையில் வைத்துவிட்டு வந்த பிறகே திருப்புளியைத் தொடுங்கள்.

ரிவால்வரின் பிடி, நாற்காலிக் கையைப் போலத் தனியாக நிற்கும் மரம் அன்று. இரும்புச் சட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பலகை, இரண்டையும் இறுக்கும் ஒரே திருகாணி, பலகை நழுவாமல் இருக்கச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு முளை; இவ்வளவுதான் அமைப்பு. ஆனால் மரத்தின் விளிம்பும் இரும்பின் விளிம்பும் விரலால் தடவினால் தட்டாமல் சேர வேண்டும். அந்தச் சேர்க்கை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகக் கையால் பொருத்திக் கொண்டுவரப்பட்டது. அதனால்தான் வலப்பலகையின் உட்புறத்தில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணையே இட்டார்கள். வெளிப்புறத்தை நீங்கள் தேய்க்கும்போது அழுக்கு மட்டும் போவதில்லை. அந்த விளிம்பும் இறங்குகிறது. இறங்கிய மரத்தை மீண்டும் ஏற்ற வழியே இல்லை.

இதை நான் அனுபவித்தே அறிந்தேன். 2011ஆம் ஆண்டில், 1950களில் செய்யப்பட்ட ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ ரிவால்வர் ஒன்று என் கைக்கு வந்தது. பிடி முழுவதும் குறுக்குவரிச் செதுக்கல். திருகாணியைச் சுற்றி மட்டும் வைர வடிவத்தில் செதுக்காமல் விட்ட வழுவழுப்பான மரம். அந்த வைர வடிவம் அந்தக் காலத்துப் பிடிகளின் அடையாளம். 1960களின் பிற்பகுதியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் 120 எண் தாளால் தேய்த்தேன். நிறம் அழகாகத்தான் வந்தது. மறுநாள் பூட்டிப் பிடித்துப் பார்த்தபோது, பின்பக்கம் நெடுகிலும் இரும்பின் விளிம்பு மரத்தைவிட உயர்ந்து நின்று, உள்ளங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அரை மில்லிமீட்டர் மரம்கூடப் போயிருக்காது. செதுக்கலின் கூர்மைகள் மழுங்கின, வைர வடிவத்தின் ஓரம் மங்கியது, பலகையில் பதித்திருந்த, நிறுவனச் சின்னம் பொறித்த உலோக வில்லைகளின் மேலும் கீறல் விழுந்தது. இன்றும் அந்தத் துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் கோடு கையில் படுகிறது.

உங்கள் விக்டரி இதைவிட எளிமையானது. இரண்டாம் உலகப் போர்க்கால அவசரத்தில் வழுவழுப்பான வால்நட் பலகையை, செதுக்கலும் வில்லையும் இல்லாமல் பொருத்தினார்கள். எளிமையாக இருப்பதாலேயே அதைத் தேய்த்துப் புதுப்பிக்கும் ஆசை அதிகமாகிறது. பலகையைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கழற்றும் முறை: திருகாணியின் வெட்டில் இடைவெளியின்றி உட்காரும், பக்கங்கள் இணையாக உள்ள திருப்புளி முனையைப் பயன்படுத்துங்கள், சரிவாக மெலியும் சாதாரண முனை வழுக்கி மரத்தைக் கிழிக்கும். திருகாணியை முழுதாக எடுக்காமல் நான்கைந்து சுற்று தளர்த்தி, அதன் தலையைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பலகை தானாக எழும்பும். கத்தியைச் செருகி நெம்பினால் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

அக்டோபர் 22

வலப்பலகையின் உட்புறத்தில் எண் தெரிகிறது என்றும், சட்டத்தின் அடியில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகிறது என்றும் கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1942இல் இந்த வரிசையின் எண் பத்து லட்சத்தை எட்டியதும் எண்ணுக்கு முன்னால் ‘வி’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அந்த எழுத்திலிருந்துதான் விக்டரி என்ற பெயர். போரின் கடைசிக் கட்டத்தில், கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி சுத்தியலைத் தடுக்கும் அமைப்பை மாற்றியபோது ‘எஸ்வி’ என்று இட்டார்கள். நண்பருடையது ‘வி’. எண்பது ஆண்டுகளாக அதே மரம் அதே இரும்போடு இருந்திருக்கிறது. இதன் மேல் பாலியூரித்தேன் பூச வேண்டும் என்ற எண்ணத்தை அவர் கைவிட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

அந்த உட்புறத்தை எக்காரணம் கொண்டும் தேய்க்க வேண்டாம், கரைப்பானில் ஊற வைக்கவும் வேண்டாம்.

அக்டோபர் 29

சுத்தம் செய்யும் முறை. மினரல் ஸ்பிரிட் என்னும் பெயின்ட் கரைப்பானைத் துணியில் நனைத்து, பழைய பல்துலக்கும் தூரிகையால் வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துத் துடையுங்கள். முதலில் வருவது காபிக் கசடு போன்ற பழுப்பு. அது கைவியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் தூசும் சேர்ந்த படலம். பிசுபிசுப்பு அதனால்தான். துணியில் நிறம் வருவது குறைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அதன் பிறகும் பூச்சு கெட்டுப்போனதாகத் தெரிந்தால், அது என்ன பூச்சு என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் ஆல்கஹால் ஒரு சொட்டு வையுங்கள். இளகிப் பிசுக்கானால் அது அவலரக்கு, அதாவது ஷெல்லாக். இளகாவிட்டால் லாக்கர் தின்னர் ஒரு சொட்டு. அதற்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பின்னாளில் யாரோ பூசிய பாலியூரித்தேன். எண்ணெய் ஆழமாக ஊறியிருந்தால், சுண்ணக்கட்டித் தூளை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போடுங்கள். காய்ந்த தூள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். உதிர்த்துவிட்டு மீண்டும் போடலாம். கடைசியாக 0000 எண் இரும்பு நூலால் (மிக மெல்லிய ஸ்டீல் வுல்) மெல்ல மெருகூட்டலாம்.

நவம்பர் 5

பள்ளங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பள்ளம் இரண்டு வகை. அடி பட்டு மரநார் அமுங்கியது ஒன்று. கூர்மையான ஏதோ பட்டு நார் அறுந்தது மற்றொன்று. அமுங்கியது எழும்பும், அறுந்தது எழும்பாது. கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்த்தால், அமுங்கிய பள்ளத்தில் ரேகைகள் வளைந்து உள்ளே இறங்கி மறுபடி ஏறுவது தெரியும்.

நேற்று என் மேசையில் இதைச் செய்தேன். பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து நான்காக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்தேன். இஸ்திரிப் பெட்டியின் முனையை அதன் மேல் மூன்று எண்ணும் வரை வைத்து எடுத்தேன். ‘சுர்’ என்று ஆவி எழுந்து, ஈர மரத்தின் வாசனை வந்தது. துணியை நீக்கியபோது பள்ளத்தின் அடிப்பகுதி வெளுத்திருந்தது. மங்கிய பூச்சு ஆவியில் வெளிறும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஐந்தாவது முறைக்குப் பிறகு நகத்தால் வருடியபோது பள்ளம் இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை வலப்பலகையில் செய்யும்போது, உட்புறத்து எண்ணுக்கு நேர்மேலே நீரும் ஆவியும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்; எண் பதிந்த இடமும் அமுங்கிய நார்தான், ஆவி பட்டால் அதுவும் எழும்பி மங்கிவிடும்.

நவம்பர் 6

நேற்று விட்டுப்போனது. திருகாணித் துளையைச் சுற்றி நீலமும் கறுப்புமாக ஒரு கறை இருப்பதாக நண்பர் எழுதியிருந்தார். அது அழுக்கு அன்று. வால்நட் மரத்தில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் கறுப்பாகும். கலம்காரித் துணிக்குக் கடுக்காய் ஊட்டி, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு வரைகிறார்களே, அதே வினைதான் இது. மினரல் ஸ்பிரிட்டுக்கு இது போகாது. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவினால் போகும். அது நஞ்சு, கையுறை வேண்டும், சமையலறைப் பாத்திரம் கூடாது, முடிந்ததும் நீரால் பல முறை துடைத்தெடுக்க வேண்டும், காய்ந்து தூளாகப் பறக்க விடக் கூடாது.

ஆனால் இது போக வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை கறை இருந்த இடத்தில் மட்டும் தடவினேன். அந்த இடம் சுற்றியிருந்த மரத்தைவிட வெளிறி நிலவைப் போல நின்றது. அதைச் சரிசெய்ய முழுப் பலகைக்கும் தடவ நேர்ந்தது. பிறகு இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதற்காக மறுபலகைக்கும் தடவினேன். ஒரு நாணய அளவுக் கறைக்காக அறுபது ஆண்டு நிறத்தை இழந்தேன்.

நவம்பர் 19, திருத்தம்

அக்டோபர் 29 அன்று இரும்பு நூலால் மெருகூட்டச் சொன்னது தவறு. நவம்பர் 6இல் நானே எழுதிய காரணம்தான். இரும்பு நூலின் மயிரிழைத் துணுக்குகள் மரத்தின் நுண்துளைகளில் ஒடிந்து தங்கிவிடுகின்றன. பிறகு ஆவியோ நீரோ பட்டால் ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் ஒரு கரும்புள்ளி தோன்றும். மூன்று வாரங்களுக்கு முன் மெருகூட்டிய ஒரு பலகையில் நேற்று ஆவி பிடித்தபோது மிளகுத்தூள் தூவியது போல ஆகிவிட்டது. வெண்கல நூலையோ செயற்கை நார்ப் பட்டையையோ பயன்படுத்துங்கள். என் சொல்லைக் கேட்டு ஏற்கெனவே இரும்பு நூலைப் பயன்படுத்தியவர்கள், காந்தத்தைத் துணியில் சுற்றிப் பலகையின் மேல் பல முறை ஓட்டுங்கள். அதன் பிறகு நீர் படும் வேலை எதையும் செய்ய வேண்டாம்.

2024 ஜனவரி 20

வெப்பமூட்டி ஓடும் வீட்டில் காற்று வறண்டு மரம் சுருங்கியிருக்கிறது. என் 1950களின் ரிவால்வரில், இடப்பலகையின் மேல்வளைவுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தாள் நுழைகிறது. இதைப் பார்த்துத் திருகாணியை மேலும் இறுக்கியவர்கள்தான் பலகையை வெடிக்க வைக்கிறார்கள். திருகாணித் துளையிலிருந்து ரேகை வழியே மேலும் கீழும் ஓடும் விரிசல்களில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. திருகாணி பலகையை இரும்போடு அமர்த்தி வைத்தால் போதும். மரத்தை இரும்புக்கு இழுத்துச் சேர்க்கும் வேலை அதனுடையது அன்று.

விரிசல் விழுந்துவிட்டால், ஒட்டுவதற்கு முன் அதற்குள் இருக்கும் எண்ணெயை அசிட்டோனால் பல முறை கழுவி வெளியேற்றுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. நீர்போல ஓடும் சயனோ பசையை (சூப்பர் குளூ வகை) விரிசலின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அது தானே உள்ளே இழுக்கப்படும்.

பிப்ரவரி 11

வேறொரு வாசகர், தம் ரிவால்வரில் மூலப்பிடியே இல்லை, ரப்பர் பிடிதான் இருக்கிறது, ஈட்டி மரத்தில் புதிதாகச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்யலாம், இழக்க மூலம் எதுவும் இல்லாத இடத்தில்தான் துணிந்து மரம் வெட்ட வேண்டும். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் மரம் உறுதியானது, எண்ணெய்த் தன்மை உடையது. ஆனால் அதன் தூள் பலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும், முகமூடி அவசியம். நாடு கடந்து மரக்கட்டையாக வாங்குவோர், 2017 ஜனவரியிலிருந்து இந்த மரப்பேரினம் ஏறக்குறைய முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதை நினைவில் வையுங்கள். 2019இல் வந்த தளர்வு, ஓர் அனுப்புகைக்கு 10 கிலோ வரையிலான முடிக்கப்பட்ட பொருள்களுக்குத்தான், கட்டைக்கு அன்று.

நான் செய்தது பென்சில்வேனியாவிலேயே வளரும் கறுப்பு வால்நட் மரத்தில். வேலையின் வரிசையைச் சொல்கிறேன். பலகையின் உட்புறத்தை, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துத் துல்லியமான தட்டையாக்க வேண்டும். இங்கே உப்புத்தாளுக்கு நியாயமான வேலை உண்டு. அடிமுளைக்கான பள்ளத்தை முதலில் வெட்ட வேண்டும்; அதுதான் மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரம். சுற்றளவில் 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அறுக்க வேண்டும். திருகாணித் துளையை உட்புறத்திலிருந்து போட வேண்டும்.

பிறகு மேல்வளைவு. பலகையின் தலைப்பகுதி இரும்புச் சட்டத்தின் வளைவுக்குள் உட்காரும் இடம் அது. பொருத்துதலின் உயிரும் அதுவே. மெழுகுவத்திச் சுடரில் கரண்டியைக் காட்டிப் புகைக்கரி எடுத்து, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்து, சட்டத்தின் வளைவில் மெல்லிய தூரிகையால் தடவினேன். பலகையை வைத்து அழுத்தி எடுத்தபோது, மரத்தில் கடுகு அளவில் இரண்டே இரண்டு கரும்புள்ளிகள். அந்த இரண்டு இடங்களில் மட்டும்தான் மரம் இரும்பைத் தொடுகிறது என்று பொருள். வளைந்த சுரண்டியால் அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்டினேன். மீண்டும் கரி, மீண்டும் அழுத்தம். இரண்டு புள்ளி நான்காயிற்று, நான்கு ஏழாயிற்று. இருபதாவது முறைக்கு மேல் சுரண்டியில் வருவது சீவலே அன்று, மாவு. இடையில் ஒரு முறை பொறுமை இழந்து புள்ளிக்கு அருகிலும் சேர்த்துச் சுரண்டிவிட்டேன். அங்கே விழுந்த இடைவெளி மறைய, மற்ற இடங்களை எல்லாம் அதன் மட்டத்துக்கு இறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆனது. முப்பத்தெட்டாவது முறை பலகையை எடுத்தபோது, வளைவு முழுவதும் புருவம் தீட்டியது போல ஒரே கோடாகக் கரி பதிந்திருந்தது. அந்தக் கோட்டைத் துடைக்க மனமே வரவில்லை.

வெளிப்புறத்தை இறக்கும்போது, இரும்பின் மேல் ஒட்டுநாடாவை இரண்டு அடுக்கு ஒட்டிக்கொண்டு, அரம் மேல் அடுக்கைத் தொடும் வரை மட்டும் அராவுங்கள். நாடாவை எடுத்ததும் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும்; வறண்ட காலத்துச் சுருக்கத்துக்கு அது இடம் தரும். கடைசியில் துப்பாக்கி காலியாக இருப்பதை மறுபடி உறுதி செய்துகொண்டு, விசையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பலகையின் உட்புறம், உள்ளே ஓடும் தட்டையான வில்லில் (ஸ்பிரிங்) உரசினால் சுத்தியலின் அசைவில் அது உடனே தெரியும். உரசும் இடத்தைச் சுரண்டியாக வேண்டும்.

பிப்ரவரி 13

இந்தியாவிலிருந்து படிக்கும் வாசகர்களுக்கு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற துப்பாக்கி உங்களிடம் இருந்தாலும், பிடி வேலையை உரிமம் பெற்ற பட்டறையில் கொடுத்து, மேலே எழுதியதை அவர்களிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

ஏப்ரல் 7

பூச்சைப் பற்றி நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். என் விருப்பம் ஆளிவிதை எண்ணெய். கொதிக்கவைத்தது என்று விற்கும் வகை. பச்சை எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து, சூடு பறக்க உள்ளங்கையால் தேய்த்து, கால் மணி நேரத்தில் மேலே நிற்பதை முற்றிலும் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி. இப்படி நான்கு முறை. துடைக்காமல் விட்டது காயாது, பிசினாகும். செதுக்கல் உள்ள இடத்தில் தூரிகையால் மிக மெல்லியதாக ஒரே முறை. அதற்கு மேல் போனால் பள்ளங்கள் அடைபட்டு, கைப்பிடிப்புக்காகச் செய்த செதுக்கல் வெறும் படமாகிவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காய்கிறது. அந்த வினை வெப்பத்தை வெளியிடுகிறது. சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடிவையுங்கள்.

அவலரக்கைப் பற்றி ஒரு சொல். நம் ஊரில் தச்சர்கள் கதவுக்கும் கட்டிலுக்கும் அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் அதுதான். உலகத்துக்கு அரக்கு இன்றும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும்தான் போகிறது. அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் சில துப்பாக்கிக் கரைப்பான்கள் பட்டால் அது இளகும். சுவரில் மாட்டிவைக்கும் துப்பாக்கிக்கு அரக்கு, சுடும் துப்பாக்கிக்கு எண்ணெய் என்பது என் கணக்கு.

ஏப்ரல் 8

நேற்று எழுதியதை விக்டரி நண்பர் தமக்கும் உரியது என்று எடுத்துக்கொண்டு எண்ணெய் வாங்கக் கிளம்பிவிட்டார். உங்களுக்கு அன்று. உங்கள் பலகையில் பழைய பூச்சு முக்கால் பங்கு உயிரோடு இருக்கிறது என்பது நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. அதன் மேல் எண்ணெய் இறங்காது. மெழுகு ஒரு முறை தடவித் துடைத்தால் முடிந்தது. இடப்பலகையின் மேல்பக்கத்தில் கட்டைவிரல் அமரும் இடம் மட்டும் கறுத்து வழுவழுப்பாக இருக்கிறதே, அதைச் சுற்றியுள்ள நிறத்துக்குக் கொண்டுவரக் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கறுப்பு உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருடையதாக இருக்கலாம், அவருக்கு முன்னே வைத்திருந்தவருடையதாகவும் இருக்கலாம்.

ஜூன் 23

ஒரு வாரமாக மழை; நிலவறையில் ஈரப்பதமானி 68 சதவீதம் காட்டுகிறது. ஜனவரியில் எழுதியதைச் சோதிக்க, அதே தாளை எடுத்து அதே ரிவால்வரின் இடப்பலகை மேல்வளைவில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இந்த ஐந்து மாதமும் திருகாணியை நான் தொடவே இல்லை.